கள்ளத் தீர்க்கதரிசியும் கேட்போர் உள்ளமும்

கி.மு. 594 வாக்கில் எருசலேம் ஆலயத்தில், ஆசாரியர்களும் ஜனங்களும் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு தீர்க்கதரிசிகள் நேருக்கு நேர் நின்றார்கள். ஒருவர் எரேமியா. மாட்டுக்குப் பூட்டும் நுகத்தைத் தம் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பாபிலோன் அரசனுக்குப் பணிந்து போவதே யூதாவுக்குத் தேவன் வைத்த வழி என்று சொல்லிவந்தவர். மற்றவர் கிபியோன் ஊரைச் சேர்ந்த அனனியா. இரண்டே ஆண்டுகளில் பாபிலோனின் நுகம் முறியும், நேபுகாத்நேச்சார் அள்ளிச் சென்ற ஆலயப் பாத்திரங்கள் திரும்பி வரும், சிறைப்பட்டுப் போன அரசன் எகொனியாவும் வீடு திரும்புவான் என்று அவர் அறிவித்தார். இருவரும் ஒரே கடவுளின் பெயரைச் சொன்னார்கள். இருவர் பேச்சும் ஒரே பாணியில்தான் தொடங்கியது.

அனனியாவின் வாக்கைக் கேட்ட எரேமியா முதலில் சொன்னது ‘ஆமென்’. அப்படியே நடக்கட்டும் என்றார். பிறகு, பழைய தீர்க்கதரிசிகள் பெரும்பாலும் யுத்தத்தையும் பஞ்சத்தையும் பற்றியே பேசினார்கள் என்பதையும், சமாதானம் வருமென்று சொல்கிறவரை அது நடந்தேறும்போதுதான் நம்ப முடியும் என்பதையும் நினைவூட்டினார். அனனியா பாய்ந்து எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தைப் பிடுங்கி முறித்துப் போட்டார். எரேமியா பதில் பேசாமல் நடையைக் கட்டினார். மர நுகம் போய் இரும்பு நுகம் வரும் என்ற செய்தி அவருக்குப் பிறகுதான் வந்தது. அதே ஆண்டு ஏழாம் மாதத்தில் அனனியா இறந்தார். சில ஆண்டுகளில் எருசலேம் விழுந்தது.

எரேமியா நூலின் 28ஆம் அதிகாரம் சொல்லும் இந்தச் சம்பவத்தில், அனனியா தெரிந்தே பொய் சொன்னார் என்று எங்கும் இல்லை. காசு வாங்கினார் என்றும் இல்லை. அவருக்குச் சாதகமாக வரலாறே இருந்தது. சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன், கி.மு. 701இல் அசீரியப் படை எருசலேமை முற்றுகையிட்டபோது நகரம் தப்பியது. அன்று ஏசாயா தந்த நம்பிக்கை வீண்போகவில்லை. அசீரியாவின் நுகம் நீங்கும் என்று ஏசாயாவும் பேசியிருந்தார். அனனியா அந்தப் பழைய வாக்கைத்தான் புதிய காலத்துக்கு எடுத்து வந்தார் என்று விவிலிய ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அவர் ஆலயத்தை நேசித்தார், நாட்டை நேசித்தார், தாம் சொன்னதை நம்பினார் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் நூல் அவரைப் பொய்யை நம்பவைத்தவர் என்று தீர்ப்பளிக்கிறது.

கள்ளத் தீர்க்கதரிசி என்றதும் நம் மனதில் வருவது பசுத்தோல் போர்த்திய புலி: உள்ளே வஞ்சகம், வெளியே பக்தி. அப்படிப்பட்டவர்கள் உண்டு. ஆனால் யூத, கிறிஸ்தவ மரபை உண்மையில் அலைக்கழித்தவர்கள் வஞ்சகர்களைவிட, மனதார நம்பித் தவறியவர்களே. உள்ளத்தில் உண்மையாக இருப்பதும் உண்மையைச் சொல்வதும் வேறுவேறு என்ற கசப்பான அறிவை அந்த மரபு மெல்ல மெல்லத்தான் பெற்றது. அப்படிப் பெற்றதன் விளைவாக அது வகுத்த சோதனைகள், பேசுகிறவரின் உள்ளத்துக்குள் எட்டிப் பார்க்க முயலவில்லை. அவருடைய கையையும் காலையும் பார்த்தன. கேட்கிறவரின் உள்ளத்தைத்தான் கேள்வி கேட்டன.

சட்டம் தந்த இரண்டு சோதனைகள்

உபாகமம் இரண்டு இடங்களில் இதைப் பேசுகிறது. 18ஆம் அதிகாரத்தின் சோதனை நேரடியானது: சொன்னது நடக்காவிட்டால் அது தேவன் சொன்னதல்ல. கேட்க எளிதாக இருந்தாலும், முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் இது கைகொடுக்காது. ஆலய முற்றத்தில் நின்ற சாமானியன் பாபிலோனுக்குப் பணிவதா, எதிர்ப்பதா என்று அன்றே தீர்மானிக்க வேண்டியிருந்தது. இரண்டு ஆண்டு பொறுத்திருந்து பார்க்க அவனுக்கு வசதி இல்லை. தவிர, மனந்திரும்பினால் தண்டனை விலகும் என்ற நிபந்தனையோடு வரும் எச்சரிக்கைகளுக்கும் இந்த அளவுகோல் பொருந்தாது. நாற்பது நாளில் நினிவே கவிழும் என்றார் யோனா. நினிவே மனந்திரும்பியது, கவிழவில்லை. அதற்காக யோனாவை யாரும் கள்ளத் தீர்க்கதரிசி என்பதில்லை.

13ஆம் அதிகாரம் இன்னும் ஆழமாகப் போகிறது. ஒருவர் அடையாளமும் அற்புதமும் சொல்லி, அவை அப்படியே பலித்தாலும்கூட, அவர் வேறு தெய்வங்களிடம் அழைத்தால் செவிகொடுக்கக் கூடாது என்கிறது. பலிப்பது சான்றாகாது. அதைவிட வியப்பானது அதற்குத் தரப்படும் விளக்கம்: மக்கள் முழு இருதயத்தோடு தம்மிடம் அன்புகூருகிறார்களா என்று அறியவே தேவன் அவர்களைச் சோதிக்கிறாராம். விசாரணைக் கூண்டில் ஏற்றப்படுபவர் தீர்க்கதரிசி மட்டுமல்லர். கேட்டுக்கொண்டிருக்கும் கூட்டமும் ஏற்றப்படுகிறது.

கி.மு. 8ஆம் நூற்றாண்டில் மீகா இதோடு கைக்கு எட்டும் ஓர் அளவுகோலையும் சேர்த்தார். வாய்க்கு ஏதாவது கொடுத்தால் சமாதானம் என்பார்கள், கொடுக்காதவன்மேல் போர் தொடுப்பார்கள் என்று தம் காலத்துத் தீர்க்கதரிசிகளைச் சாடினார். யாருக்கு எந்த வாக்கு போய்ச் சேருகிறது, அதற்கு முன்னால் என்ன கைமாறியது என்பதைக் கவனிக்கச் சொன்ன இந்தப் பார்வை, எண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு ஆதித் திருச்சபையில் நடைமுறை விதியாகவே எழுதப்பட்டது.

மூன்றாம் நாளும் கிளம்பாதவர்

1873இல் பிலோதியோஸ் பிரையெனியோஸ் என்ற கிரேக்கத் திருச்சபை அறிஞர் கான்ஸ்டான்டினோபிளில் ஒரு பழைய கையெழுத்துச் சுவடியைக் கண்டார். 1056இல் படியெடுக்கப்பட்ட அந்தச் சுவடிக்குள் டிடாக்கே என்ற சிறு நூல் இருந்தது. 1883இல் அவர் அதை அச்சிட்டபோது, ஆதிச் சபையின் அன்றாட வாழ்க்கைக்கு ஒரு சன்னல் திறந்தது. முதல் நூற்றாண்டின் கடைசியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ, பெரும்பாலும் சிரியாப் பகுதியில் உருவானது என்று கருதப்படும் இந்நூல், ஊர் ஊராக வரும் ஊழியர்களை எப்படி நடத்துவது என்று மூன்று அதிகாரங்களில் பேசுகிறது.

விதிகள் குடும்பத் தலைவி ஒருத்தி வகுத்ததுபோல் கறாரானவை. வருகிற அப்போஸ்தலர் ஒரு நாள் தங்கலாம், அவசியமானால் இரண்டு நாள். மூன்றாம் நாளும் தங்கினால் அவர் கள்ளத் தீர்க்கதரிசி. கிளம்பும்போது அடுத்த ஊர் போய்ச் சேரும்வரைக்குமான அப்பம் மட்டும் வாங்கிக்கொள்ளலாம். பணம் கேட்டால் அவரும் கள்ளரே. ஆவியில் நிறைந்து பேசும்போது ‘ஒரு பந்தி ஆயத்தம் பண்ணுங்கள்’ என்று சொல்லும் தீர்க்கதரிசி, அந்தப் பந்தியில் தாம் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. ஆவியில் பேசுகையில் எனக்கு வெள்ளி கொடுங்கள் என்றால் காதில் வாங்கவே கூடாது. ஆனால் இல்லாத மற்றவர்களுக்குக் கொடுங்கள் என்று கேட்டால் அவரை யாரும் நியாயந்தீர்க்க வேண்டாம். சத்தியத்தைப் போதித்தும் அதன்படி நடக்காதவரும் கள்ளத் தீர்க்கதரிசிகளின் கணக்கில்தான் சேர்கிறார்.

இந்த விதிகளின் நுட்பம் அவை விட்டுவிடும் விஷயத்தில் இருக்கிறது. ஆவியில் பேசுகிறவர் உண்மையிலேயே பரவச நிலையில் இருக்கிறாரா, நடிக்கிறாரா என்ற ஆராய்ச்சி அவற்றில் இல்லை. சொல்லப்போனால், ஆவியில் பேசும் தீர்க்கதரிசியைச் சோதித்துத் தீர்ப்புச் சொல்வதையே அந்நூல் தடுக்கிறது. ஆவியில் பேசுகிற எல்லாரும் தீர்க்கதரிசிகள் அல்லர், கர்த்தருடைய வழிகளைக் கைக்கொள்பவரே தீர்க்கதரிசி என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. மனித மனம் எட்டாத இடம் என்பதை ஒப்புக்கொண்டு, எட்டக்கூடிய மூன்றைப் பிடித்துக்கொண்டார்கள்: தங்கிய நாள், தின்ற சாப்பாடு, வாங்கிய காசு.

ஏறக்குறைய அதே காலத்தில் ரோமில் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஹெர்மாஸ் எழுதிய ‘மேய்ப்பர்’ நூலின் பதினோராம் கட்டளையும் இதே பாதையில் போகிறது. அங்கே கள்ளத் தீர்க்கதரிசி நாற்காலியில் தனியே உட்கார்ந்திருக்கிறார். எதிரே பெஞ்சில் அவரைக் கேட்க வந்தவர்கள். தமக்கு என்ன நடக்கும் என்று அவர்கள் கேட்கிறார்கள். அவர்கள் விரும்பியதை ஒட்டியே அவர் பதில் தருகிறார். கூலி வாங்காமல் அவருக்கு வாக்கு வராது. மூலைகளில் தனித்தனியாகப் பேச அவருக்குப் பிடிக்கும். நீதிமான்கள் கூடி ஜெபிக்கும் சபைக்குள் வந்தால் வாயடைத்துப் போகும். உண்மையான தீர்க்கதரிசியோ கேட்டவுடன் பதில் தருபவர் அல்லர். தேவன் பேசச் சொல்லும்போது சபை முழுவதற்குமாகப் பேசுபவர். குறி கேட்பதற்கும் தீர்க்கதரிசனத்துக்கும் இருக்கும் வேறுபாட்டை இத்தனை தெளிவாகச் சொன்ன ஆதிக் கிறிஸ்தவ நூல் வேறு கிடைப்பது அரிது.

இந்த எச்சரிக்கை எதனால் வந்தது என்பதை வெளியாள் ஒருவரின் கேலி காட்டுகிறது. பெரெக்ரினஸ் என்ற நாடோடித் தத்துவவாதியைப் பற்றி அங்கத எழுத்தாளர் லூசியன் எழுதினார். பாலஸ்தீனத்தில் கிறிஸ்தவர்களோடு சேர்ந்த பெரெக்ரினஸ் சீக்கிரமே அவர்களுக்குத் தீர்க்கதரிசியும் தலைவருமானார். சிறைக்குப் போனதும் விதவைகளும் அனாதைகளும் விடியற்காலையிலேயே சிறை வாசலில் காத்திருந்தார்கள். ஆசியாவின் நகரங்களிலிருந்து சபைகள் பணத்தோடு ஆளனுப்பின. சாமர்த்தியமுள்ள எந்த எத்தனும் இந்த எளிய மனிதர்களிடம் சீக்கிரமே பணக்காரனாகிவிடலாம் என்று லூசியன் சிரிக்கிறார். கடைசியில் கிறிஸ்தவர்கள் பெரெக்ரினஸை விலக்கிவிட்டார்கள். 165இல் ஒலிம்பிக் விளையாட்டுக் கூட்டத்துக்கு முன்னால் அவர் தீ வளர்த்துத் தாமே அதில் குதித்தார். லூசியனுக்கு அவர் புகழுக்கு அலைந்த வேடதாரி. ஆனால் அதே மனிதரை ஏதென்ஸில் சந்தித்த ரோமானிய எழுத்தாளர் ஔலஸ் கெல்லியஸ், நிதானமும் உறுதியும் கொண்ட ஞானி என்று எழுதிவைத்தார். ஒரே காலத்தில் ஒரே ஆளைப் பார்த்தவர்கள் இப்படி இரண்டு முடிவுக்கு வந்தார்கள். உள்ளத்தை வெளியிலிருந்து அளக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பெப்பூசாவின் கேள்வி

இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இன்றைய துருக்கியின் உட்பகுதியான பிரிகியாவில், இந்த அளவுகோல்கள் எல்லாம் ஒருசேர உரைத்துப் பார்க்கப்பட்டன. மொன்டானஸ், பிரிஸ்கில்லா, மாக்சிமில்லா என்ற மூவர் பரிசுத்த ஆவியானவர் தங்கள் வழியாகப் பேசுகிறார் என்றார்கள். பெப்பூசா என்ற சிற்றூர் அவர்களுக்குப் புதிய எருசலேமின் இடமானது. கடும் உபவாசம், மறுமணத் தடை, சாவுக்கு அஞ்சாமை என்று அவர்கள் சபை நடந்தது. கார்த்தேஜின் தெர்த்துல்லியன் போன்ற கூரிய அறிவாளியே அவர்கள் பக்கம் சாய்ந்தார்.

அவர்களை எதிர்த்தவர்களின் வாதங்களை யூசேபியஸ் தம் திருச்சபை வரலாற்றின் ஐந்தாம் நூலில் எடுத்துவைத்திருக்கிறார். போர்கள் வரும் என்று மாக்சிமில்லா சொன்னாள். அவள் இறந்து பதின்மூன்று ஆண்டுக்கு மேலாகியும் போரில்லை என்றார் பெயர் தெரியாத ஓர் எழுத்தாளர். அப்பொல்லோனியஸ் என்பவரோ பணத்தைப் பிடித்தார். பிரசங்கிகளுக்குச் சம்பளம், காணிக்கை என்ற பெயரில் வசூல். தீர்க்கதரிசி தலைக்குச் சாயம் பூசுவாரா, கண்ணுக்கு மை தீட்டுவாரா, சூதாடுவாரா, வட்டிக்கு விடுவாரா என்று அடுக்கினார். டிடாக்கேயின் அளவுகோலேதான், இம்முறை அது வழக்காடும் ஆயுதமாகிவிட்டது.

இங்கே வாசகர் சற்று நிற்க வேண்டும். மொன்டானியர்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அவர்களுடைய எதிரிகள் எழுதியது. ஓநாயை விரட்டுவதுபோல் தன்னை ஆடுகளிடமிருந்து விரட்டுகிறார்கள், தான் ஓநாய் அல்ல என்று மாக்சிமில்லா முறையிட்டதையும் அதே பக்கங்கள்தான் பதிவு செய்திருக்கின்றன. கனிகளால் அறியுங்கள் என்ற இயேசுவின் போதனையை இரு தரப்பும் கையில் எடுத்தன. கட்டுக்கடங்காத தீர்க்கதரிசனத்தைக் கண்டு ஆயர்கள் அஞ்சியது நியாயம். ஆனால் அந்த அச்சத்தில் பதவியின் வசதியும் கலந்திருந்ததா என்ற கேள்வி இன்றும் அடங்கவில்லை. ஆறாம் நூற்றாண்டில் பேரரசின் பலத்தோடு பெப்பூசாவின் வழிபாட்டிடம் அழிக்கப்பட்டது. கள்ளத் தீர்க்கதரிசி என்ற பட்டத்தைச் சூட்டுகிறவரின் கையையும் பார்க்க வேண்டும் என்பது இந்த வரலாறு விட்டுச்சென்ற பாடம்.

மனதார நம்பித் தவறியவர்கள்

பணத்தாசை இல்லாத, உயிரையே பணயம் வைத்த ஒருவர் தவறான வாக்கைச் சொன்னால்? 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பா இந்தக் கேள்விக்கு ரத்தத்தில் விடை எழுதியது.

மெல்கியோர் ஹோஃப்மன் கம்பளித் தோல் வியாபாரி; பிறகு ஊர் ஊராகச் சென்ற பிரசங்கி. 1533இல் உலக முடிவு நெருங்குகிறது, ஸ்டிராஸ்பர்க் நகரமே புதிய எருசலேம் ஆகும் என்று நம்பினார். அவர் ஆறு மாதம் சிறையில் இருப்பார், அதன்பின் ஊழியம் உலகெங்கும் பரவும் என்று முதியவர் ஒருவர் அவருக்கு வாக்குரைத்திருந்தார். ஆகவே ஸ்டிராஸ்பர்க்கில் கைதானபோது ஹோஃப்மன் மகிழ்ச்சியோடு சிறைக்குப் போனார். ஆறு மாதம் கழிந்தது. பத்து ஆண்டுகளும் கழிந்தன. சிறையிலேயே இறந்தார்.

அவருடைய போதனையால் எழுந்தவர்களில் ஒருவர் ஹார்லெம் நகர ரொட்டி சுடுபவர் யான் மத்தைஸ். எருசலேம் இறங்கும் இடம் ஸ்டிராஸ்பர்க் அல்ல, மூன்ஸ்டர் என்றார். 1534 தொடக்கத்தில் அவரைப் பின்பற்றியவர்கள் அந்நகரத்தைக் கைப்பற்றினார்கள். ஆயரின் படை வெளியே முற்றுகையிட்டது. அந்த ஆண்டு ஈஸ்டர் ஞாயிறன்று, தேவன் தம் கையில் எதிரியை ஒப்புக்கொடுப்பார் என்று நம்பி, மத்தைஸ் ஒரு சிறு கூட்டத்தோடு மதிலைவிட்டு வெளியே போனார். அங்கேயே வெட்டிக் கொல்லப்பட்டார். வஞ்சகன் ஒருவன் இப்படிச் சாகப் போகமாட்டான். அவருக்குப் பிறகு வந்த தையற்காரர் யான் வான் லைடன் தம்மை அரசராக்கிக்கொண்டார், பலதார மணத்தைச் சட்டமாக்கினார், எதிர்த்தவர்களைக் கொன்றார். 1535 ஜூனில் நகரம் விழுந்தது. மறு ஆண்டு அவரையும் இருவரையும் சித்திரவதை செய்து கொன்று, உடல்களை இரும்புக் கூண்டுகளில் போட்டு லாம்பர்ட் தேவாலயக் கோபுரத்தில் தொங்கவிட்டார்கள். அந்த மூன்று கூண்டுகளும் இன்றும் அங்கேயே இருக்கின்றன.

சாகத் துணிவது சான்று என்று எண்ணினால், மத்தைஸையும் நம்ப வேண்டிவரும். மொன்டானியர்களிடமும் இரத்தசாட்சிகள் உண்டு என்ற வாதத்துக்கு, எல்லாப் பிரிவினரிடமும் இருக்கிறார்கள் என்று யூசேபியஸ் எடுத்துவைத்த அதே பெயர் தெரியாத எழுத்தாளர் பதில் சொல்லியிருந்தார். உறுதி என்பது நம்பிக்கையின் அளவைக் காட்டும். நம்பியது சரியா என்பதைக் காட்டாது.

எட்வர்ட்ஸின் பட்டியல்

இருநூறு ஆண்டுகள் கழித்து, அமெரிக்கக் குடியேற்றங்களில் பரவிய பெரும் எழுப்புதலின் நடுவே, இந்தக் கேள்வியை யாரையும்விட விரிவாக ஆராய்ந்தவர் நார்த்தாம்டன் போதகர் ஜொனாதன் எட்வர்ட்ஸ். எழுப்புதலை ஆதரித்தவர் அவர். அதன் அத்துமீறல்களையும் கண்ணால் கண்டவர். 1743 மார்ச்சில் கனெக்டிகட்டின் நியூ லண்டன் ஊரில் ஜேம்ஸ் டேவன்போர்ட் என்ற போதகர் பெயர்பெற்ற இறையியலாளர்களின் நூல்களைத் தெருவில் குவித்துக் கொளுத்தினார். மறுநாள் ஆடம்பர உடைகளின் முறை வந்தது. அவர் தம் கால்சட்டையையே கழற்றிக் குவியலில் போட்டபோது, ஒரு பெண் அதை எடுத்து அவர் முகத்தில் எறிந்தாள் என்று அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன. அடுத்த ஆண்டு டேவன்போர்ட் தம் தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்லி அச்சிட்டு வெளியிட்டார். தாம் ஏவப்பட்டது பரிசுத்த ஆவியால் அல்ல என்று ஒப்புக்கொண்டார்.

1746இல் எட்வர்ட்ஸ் வெளியிட்ட பக்தி உணர்வுகள் பற்றிய நூல், எதையெல்லாம் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று முதலில் பன்னிரண்டு காரியங்களை அடுக்குகிறது. உணர்ச்சி பொங்குவது, உடல் நடுங்குவது, பக்திக் காரியங்களைச் சரளமாகப் பேசுவது, வசனங்கள் திடீரென மனதில் தோன்றுவது, ஆராதனையில் நெடுநேரம் செலவழிப்பது, தன் இரட்சிப்பைப் பற்றிச் சந்தேகமே இல்லாமல் பேசுவது, கேட்பவரை உருக்கும் சாட்சி சொல்வது. இவை இருந்தால் பக்தி பொய் என்று அவர் சொல்லவில்லை. உண்மை என்பதற்கும் இவை ஆதாரமில்லை என்கிறார். பிறகு வரும் பன்னிரண்டு நல்ல அடையாளங்களில் கடைசியானதும் மற்ற எதையும்விட விரிவாக எழுதப்பட்டதும் நடைமுறை வாழ்க்கை. அடுத்தவர் உள்ளத்தைத் திட்டமாக அறிய இந்த அடையாளங்கள் தரப்படவில்லை என்பதையும் அவர் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்.

அந்த அளவுகோலை எட்வர்ட்ஸுக்கே வைத்துப் பார்த்தால் வலிக்கிறது. 1731இல் வீனஸ் என்று பெயரிடப்பட்ட சிறுமியை அவர் விலைக்கு வாங்கியதற்கான பத்திரம் இன்றும் இருக்கிறது. உள்ளத்தின் வஞ்சகத்தை இவ்வளவு நுட்பமாக எழுதிய கை, அடிமை வாங்கிய பத்திரத்தையும் பாதுகாத்து வைத்தது. நேர்மையான மனமும் தன் காலத்தின் பாவத்தைப் பாவமென்று காணாமல் போகலாம்.

கேட்பவரின் விக்கிரகம்

மறுபக்கத்துக்கு வருவோம். இஸ்ரவேலின் அரசன் ஆகாப் போருக்குப் போகுமுன் நானூறு தீர்க்கதரிசிகளைக் கூட்டினான். ஒரே குரலில் வெற்றி என்றார்கள். சிதேக்கியா என்பவர் இரும்புக் கொம்புகளைச் செய்து, இவற்றால் சீரியரை முட்டுவீர் என்று நடித்தும் காட்டினார். இன்னும் ஒருவர் உண்டு, மிகாயா. ஆனால் அவர் எனக்கு நல்லதாக எதுவும் சொல்வதில்லை, அவரை வெறுக்கிறேன் என்றான் அரசன். மிகாயா வந்து தோல்வி என்றார். அரசன் அவரைச் சிறையில் போட்டான். போர்க்களத்துக்கு மாறுவேடத்தில் போனான். குறிபார்க்காமல் எய்த ஓர் அம்பில் செத்தான். மாறுவேடம் போட்டுக்கொண்டு போனதே, நானூறு பேரை அவனும் முழுக்க நம்பவில்லை என்பதைக் காட்டுகிறது. அவனுக்கு வேண்டியிருந்தது உண்மை அல்ல, ஒப்புதல்.

எசேக்கியேல் இதைப் பொதுவிதியாகவே வைக்கிறார். 14ஆம் அதிகாரத்தில் மூப்பர்கள் அவர் முன்னால் வந்து உட்காருகிறார்கள். அவர்கள் உள்ளத்திலோ விக்கிரகம். அப்படிப்பட்டவன் தீர்க்கதரிசியிடம் கேட்க வந்தால் அவன் விக்கிரகங்களின் திரளுக்குத் தக்க பதிலே கிடைக்கும். ஏமாந்து வாக்குச் சொன்ன தீர்க்கதரிசியும் கேட்டவனும் தங்கள் அக்கிரமத்தைச் சமமாகச் சுமப்பார்கள் என்கிறது அந்தப் பகுதி. கள்ளத் தீர்க்கதரிசனம் என்பது இருவர் சேர்ந்து செய்யும் காரியம். எரேமியாவும், தீர்க்கதரிசிகள் பொய் சொல்கிறார்கள் என்று புலம்பியதோடு, ஜனங்கள் அதை விரும்புகிறார்கள் என்றும் சேர்த்தே புலம்பினார்.

தமிழ்ச் சபைகளுக்கும் இதில் பங்குண்டு. மிஷனரி ரேனியஸிடம் பயின்ற அருளப்பன், வத்திராயிருப்புப் பக்கம் கிறிஸ்தியான்பேட்டையை நிறுவியவர். 1860இல் அங்கே தொடங்கிய எழுப்புதலில் தீர்க்கதரிசனமும் அந்நியபாஷையும் வெளிப்பட்டன. அதன் தாக்கம் பிறகு திருவிதாங்கூருக்கும் எட்டியது. அங்கே தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான ஜஸ்டஸ் ஜோசப் எழுப்புதலின் முன்னணியில் நின்றார். 1881இல் கிறிஸ்து திரும்பி வருவார் என்று அறிவிக்கப்பட்டது. அந்த நாள் வந்து போனது. பலர் பழைய சபைகளுக்குத் திரும்பினார்கள், எஞ்சியவர்கள் யூயோமயம் என்ற தனிச் சபையாகத் தொடர்ந்தார்கள். ஜஸ்டஸ் ஜோசப் இயற்றிய பாடல்கள் இன்றும் கேரளத் திருச்சபைகளில் பாடப்படுகின்றன. தவறான நாளைச் சொன்ன வாயிலிருந்து வந்த துதிப் பாடல்களை அந்தச் சபைகள் தள்ளிவிடவில்லை. தவறிய மனிதருக்கும் கள்ளருக்கும் வேறுபாடு உண்டு என்பதை அவை பாடியே ஒப்புக்கொள்கின்றன.

கேட்பவரின் பங்கை அண்மைக் காலத்தில் அப்பட்டமாகக் காட்டியது அமெரிக்கா. 2020 அதிபர் தேர்தலில் டொனால்ட் டிரம்ப் மீண்டும் வெல்வார் என்று பெயர்பெற்ற ஊழியர்கள் பலர் தீர்க்கதரிசனம் உரைத்தார்கள். நடக்கவில்லை. அவர்களில் ஒருவரான ஜெரமையா ஜான்சன் 2021 ஜனவரியில், தாம் தவறிவிட்டதாக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அவருக்கு வந்தவை கொலை மிரட்டல்களும் வசைகளும். பொய்யான வாக்கைச் சொன்னபோது வராத கோபம், அது பொய் என்று ஒப்புக்கொண்டபோது வந்தது. கிரிஸ் வாலட்டன் என்ற மற்றோர் ஊழியர் நவம்பரில் கேட்ட மன்னிப்பைத் திரும்பப் பெற்று, ஜனவரியில் மறுபடி கேட்டார். மார்ச்சில் ஜான்சன் தம் ஊழிய நிறுவனத்தையே மூடுவதாக அறிவித்தார். ஏப்ரலில் சில தலைவர்கள், பகிரங்கமாகச் சொன்ன தீர்க்கதரிசனம் தவறினால் பகிரங்கமாகவே பொறுப்பேற்க வேண்டும் என்று ஓர் ஒழுங்கறிக்கை வெளியிட்டார்கள். டேவன்போர்ட்டும் ஜான்சனும் செய்தது ஒன்றுதான். உள்ளத்தின் உண்மையை வெளியிலிருந்து பார்க்க வாய்ப்புள்ள ஒரு தருணம் இருக்குமானால், அது வாக்குரைக்கும் தருணம் அல்ல. வாக்கு தவறிய மறுநாள்.

சாட்சியம் என்ன சொல்கிறது?

மத்தேயு 7ஆம் அதிகாரத்தில் கடைசி நாளில் வந்து நிற்பவர்கள், உம்முடைய நாமத்தில் தீர்க்கதரிசனம் உரைத்தோமே, பிசாசுகளைத் துரத்தினோமே என்று முறையிடுகிறார்கள். அவர்கள் நடிப்பதாகத் தெரியவில்லை, உண்மையிலேயே திகைக்கிறார்கள். தங்களைத் தாங்களே ஏமாற்றிக்கொண்டவர்களின் திகைப்பு அது. ஆகவே, ‘நான் மனப்பூர்வமாகத்தான் சொன்னேன்’ என்பது வாக்குரைத்தவரின் குற்றத்தைக் குறைக்கலாம், வாக்கை உண்மையாக்காது. ‘நான் மனப்பூர்வமாகத்தான் நம்பினேன்’ என்பதும் கேட்டவரை முழுதாக விடுவிக்காது.

இன்றைய தமிழ்ச் சூழலில் புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையிலிருந்து, கூட்டத்தில் பெயர் சொல்லி அழைத்து உரைக்கப்படும் தனி வாக்குவரை, எதிர்காலத்தைப் பற்றிய நல்ல சொல்லுக்கு ஏங்குகிறவர்கள் ஏராளம். கடன், நோய், பிள்ளையின் திருமணம், வெளிநாட்டு விசா என்று அந்த ஏக்கத்துக்குக் காரணங்களும் நியாயமானவை. ஏக்கத்தை இகழ வேண்டியதில்லை. ஆனால் எந்த வாக்கு வந்தால் நமக்குப் பிடிக்கும் என்பது முன்கூட்டியே முடிவாகிவிட்டால், அதை உரைக்க ஆள் கிடைப்பது கடினமே அல்ல.

டிடாக்கே இதற்கு ஒரு தற்காப்பை வைத்திருந்தது. விளைச்சலின் முதற்பலனை உண்மையான தீர்க்கதரிசிகளுக்குக் கொடுங்கள் என்ற அது, உங்களிடம் தீர்க்கதரிசி இல்லாவிட்டால் ஏழைகளுக்குக் கொடுங்கள் என்று உடனே சேர்த்தது. ஊரில் அமர்ந்து பணி செய்யும் கண்காணிகளையும் உதவிக்காரர்களையும் தீர்க்கதரிசிகளுக்கு இணையாக மதிக்கவும் சொன்னது. தீர்க்கதரிசி வந்தால் நல்லது; வராவிட்டாலும் சபை நடக்கும், காணிக்கை பசித்தவருக்குப் போகும். எவருடைய வாக்கும் இல்லாமல் ஓர் ஆண்டைத் தொடங்க முடிகிற சபையில், கள்ளத் தீர்க்கதரிசிக்கு மூன்றாம் நாள் தங்கக் காரணமே இருக்காது.